கொள்வோனும் குடிமகனும்

வாணிகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது துலாக்கோல். கொடுக்கல் வாங்கலில் நேர்மையைப் பற்றித் தமிழர் எண்ணியவை பெரும்பாலும் அத்துலாக்கோலைச் சுற்றியே அமைந்தன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றப் புகுந்த பட்டினப்பாலை, வாங்குங்கால் மிகுதியாக வாங்காமலும் விற்குங்கால் குறைத்துக் கொடாமலும் இருந்ததையே அவர்தம் பெருமையாகக் கூறுகிறது. வள்ளுவப் பெருந்தகையோ பிறர் பொருளையும் தம்முடையது போலப் பேணுதலே வணிகர்க்கு அழகு என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார்.

அளவு சரியாக இருக்க வேண்டும். விலை முறையாக இருக்க வேண்டும். சரக்கில் கலப்பு இருத்தல் கூடாது. இவற்றை மறுப்பார் எவருமிலர். ஆயினும் இம்மூன்றும் நிறைவுற்ற பின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. விற்பனை என்பது இருவர் மனம் ஒப்பி நடைபெறுவது. ஒருவன் ‘தருகிறேன்’ என்கிறான். மற்றவன் ‘கொள்கிறேன்’ என்கிறான். அந்த மற்றவனால் ‘வேண்டா’ என்று சொல்ல இயலுமானால்தான் அவன் ‘கொள்கிறேன்’ என்பதற்குப் பொருளுண்டு. வேண்டா என்று சொல்லும் வழி அடைபட்ட இடத்தில், துலாக்கோல் எவ்வளவு நேராக நின்றாலும், அங்கே நடைபெறுவது வாணிகம்தானா?

வெறும் சொற்களால் ஆராய்வதைவிட ஒரு வரலாற்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது நலம். பிலிப்பைன்ஸ் தீவுக் கூட்டத்தில், ஸ்பானியர் ஆட்சியின்போது, 1782 முதல் 1882 வரை ஒரு நூற்றாண்டுக் காலம் நடைபெற்ற புகையிலை வாணிகமே அது. அங்கே வணிகன் ஒருவனே. ஸ்பெயின் நாட்டு அரசுதான் அவ்வணிகன். வாடிக்கையாளரோ அத்தீவுகளுள் பெரியதாகிய லூசோனின் மக்கள்.

சுருட்டு சென்ற வழி

தொலைவிலுள்ள ஒரு தீவின் கதை நமக்கு எதற்கு என்று எவரும் எண்ண வேண்டா. உலகச் சந்தையில் ‘மணிலா செரூட்’ என்ற பெயரால் புகழ்பெற்றிருந்தது அத்தீவுச் சரக்கு. ‘செரூட்’ என்னும் அச்சொல் நம் ‘சுருட்டு’ என்பதன் திரிபே. திருச்சிராப்பள்ளியிலும் திண்டுக்கல்லிலும் இலையைச் சுருட்டியோர் இட்ட பெயர், ஐரோப்பியர் நாவில் ஏறிக் கடல் கடந்து, வேறொரு நாட்டின் சரக்குக்கும் பெயராயிற்று.

புகையிலை நம் நாட்டிலும் பிறந்த பயிரன்று. பிலிப்பைன்ஸிலும் பிறந்த பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திற்குரிய அச்செடியை ஐரோப்பியர் இரு நிலங்களுக்கும் கொண்டுவந்தனர். மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் வழியே அது பிலிப்பைன்ஸை அடைந்தது. வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்ட கதை இரு நாடுகளிலும் ஒன்றே. பழனி முருகனிடம் புகையிலையைத் தூதனுப்பி, சீனிச்சக்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ பாடும் அளவுக்கு அது நம்மிடையே வேரூன்றியது. உ.வே. சாமிநாதையர் அந்நூலைத் தேடிப் பதிப்பித்தார். லூசோனிலும் அவ்வாறே. ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அங்கே எல்லாரும் சுருட்டுப் பிடித்ததைக் கண்டு வந்து போன ஐரோப்பியர் வியந்து எழுதினர். விருந்தினர்க்கு வெற்றிலை பாக்கு நீட்டும் வழக்கம் நம்மைப் போலவே உடைய அம்மக்களின் வீடுகளில், வெற்றிலைத் தட்டின் அருகே சுருட்டும் இடம்பெற்றது.

அரசு கடை திறந்த காரணம்

பிலிப்பைன்ஸை ஆள்வதில் ஸ்பெயினுக்கு நீண்ட காலம் வருவாயைவிடச் செலவே மிகுதி. மெக்சிகோவிலிருந்து ஆண்டுதோறும் வந்த வெள்ளிப் பணமே மணிலாவின் கருவூலத்தைத் தாங்கி நின்றது. இந்நிலையில் 1762இல் ஓர் அதிர்ச்சி நேர்ந்தது. ஸ்பெயினோடு போர் தொடுத்திருந்த ஆங்கிலேயர் மணிலாவின்மேல் படையெடுத்து நகரைக் கைப்பற்றினர். 1764 வரை அது அவர் கையில் இருந்தது. அப்படை புறப்பட்டது நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். அதில் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். அவருள் சிலர் திரும்பி வராமல் மணிலாவை அடுத்த காயிந்தா என்னும் ஊரிலேயே தங்கிக் குடும்பம் கண்டனர். பிழைக்கப் போன இடத்தில் வேர் பிடித்தோரின் வரிசையில் அவர்களும் நம் முன்னோரே.

இப்போரால் ஸ்பானிய ஆட்சியின் வலுவின்மை வெளிப்பட்டது. தன் காலில் நிற்க வேண்டுமானால் தீவுகளிலேயே வருவாய் தேட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1778இல் ஆளுநராக வந்த ஹொசே பாஸ்கோ இ வார்காஸ் அதற்கு வழி கண்டார். மக்கள் எதை விடமாட்டார்களோ அதை அரசு மட்டுமே விற்கட்டும் என்பதே அவ்வழி. 1782இல் புகையிலை ஏகபோகம் நடைமுறைக்கு வந்தது.

இனி எவரும் தம் விருப்பம்போல் புகையிலை பயிரிடல் ஆகாது. குறித்த சில மாவட்டங்களில் மட்டுமே பயிர் செய்யலாம். பிற இடங்களில் செடி வைப்பதே குற்றம். விளைந்த இலை முழுவதையும் அரசுக்கே, அரசு குறித்த விலைக்கே விற்க வேண்டும். மணிலாவில் அரசு நடத்திய தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் அமர்ந்து அதைச் சுருட்டுவர். சுருட்டியவை, ‘எஸ்தாங்கோ’ எனப்பட்ட அரசு உரிமக் கடைகளின் வழியே அரசு குறித்த விலைக்கு விற்கப்படும்.

நடுவுநிலையோடு ஒன்று கூற வேண்டும். அரசின் கணக்கில் இத்திட்டம் வெற்றியே. ஏங்கி நின்ற கருவூலம் நிரம்பியது. மெக்சிகோ 1821இல் விடுதலை பெற்று வெள்ளிப் பணத்தின் ஊற்று வறண்டபோதும் மணிலா தாக்குப்பிடித்ததற்குப் புகையிலை வருவாய் ஒரு பெருந்துணை. அரசின் கடையில் அளவு குறைந்தது என்றோ சரக்கு போலி என்றோ குற்றம் சாட்டுவதற்கும் இங்கே தேவையில்லை. துலாக்கோல் நேராகவே நின்றதென்று வைத்துக்கொள்வோம். நம் வினா அதற்கு அப்பாற்பட்டது.

விளைவித்தவனே வாடிக்கையாளன்

லூசோனின் வடபால் உள்ள ககயான் பள்ளத்தாக்கு சிறந்த புகையிலை விளையும் மண். அங்கே பயிரிடுதல் உரிமையாக இல்லை, கட்டாயமாக இருந்தது. இத்தனை செடி வைத்துக் காக்க வேண்டும் என்று குடும்பத்துக்குக் கணக்கு வகுக்கப்பட்டது. இலை முற்றியதும் அதிகாரிகள் வந்து நீளம் பார்த்துத் தரம் பிரிப்பர். தரத்தில் சேராத இலையை உழவன் வைத்துக்கொள்ள முடியாது, அது தீயிலிடப்படும். ஒளித்து வைத்திருக்கிறானோ என்று வீடுகள் சோதனையிடப்படும். 1859, 1860ஆம் ஆண்டுகளில் அத்தீவுகளில் பயணம் செய்த ஃபெடோர் யாகோர் என்னும் ஜெர்மானிய அறிஞர், பின்னர் 1873இல் வெளியிட்ட தம் நூலில் இக்கொடுமைகளை விரித்துரைத்துள்ளார்.

தான் உழுது, நட்டு, புழு பொறுக்கி, உலர்த்திய இலையில் ஒன்றைக் கிள்ளித் தன் வாயில் வைக்கும் உரிமை அவ்வுழவனுக்கு இல்லை. புகைக்க விரும்பினால் அரசின் கடைக்குச் சென்று காசு கொடுத்து வாங்க வேண்டும். அவன் நிலத்து இலையே மணிலா வரை சென்று, சுருட்டாகித் திரும்பி, பன்மடங்கு விலையோடு அவன் முன் நிற்கும். அக்காசையாவது அரசு உரிய காலத்தில் கொடுத்ததா எனில், அதுவும் இல்லை. இலைக்கு விலையாகக் கொடுத்தது பெரும்பாலும் கடன் சீட்டு. அச்சீட்டு பணமாக மாறுவதற்கு ஆண்டுகள் சென்றன. பசி பொறாத உழவன் அதைக் கிடைத்த விலைக்கு இடைத்தரகரிடம் விற்றான். அரசு அவனுக்குக் கடன் சொல்லும். அவன் மட்டும் அரசின் கடையில் ரொக்கம் வைக்க வேண்டும்.

அவன் ககயானின் உழவன், மணிலா அரசின் குடிமகன், எஸ்தாங்கோவின் வாடிக்கையாளன். மூன்று நிலையிலும் அவன் எதிரே நின்றது ஒரே முகம். வாங்குபவன் விற்பவனிடம் மனம் நொந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். அங்கும் நொந்தால் அரசிடம் முறையிடலாம். அடுத்த கடை இல்லாமலும், முறையிட வேண்டிய அரசே கடைக்காரனாகவும் இருக்கும்போது, அவன் கையிலுள்ள காசு விலை என்னும் பெயரை இழந்து திறையாகிவிடுகிறது. கொள்வோன் என்று அவனை அழைப்பது மரியாதைக்காக மட்டுமே.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இங்கே அறிவுடையார் ஒருவர் எழுந்து ஒரு மறுப்புக் கூறலாம்: “உப்புக்கு வரி விதித்தால் ஏழை தப்ப முடியாது, உப்பின்றி உயிர் வாழ இயலாது. அதனால்தான் 1930இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் நம் மக்கள் உப்பை அள்ளினர். புகையிலை அத்தகையதா? வேண்டாதவன் விட்டுவிடலாமே! விட்டால் காசும் மிச்சம், உடலுக்கும் நலம். தீய பழக்கத்தின்மேல் வைத்த சுமையைக் கொடுமை என்பது ஏன்?”

இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழக்கம் தீயது என்பது உண்மை. இன்று புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாள்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆனால் மறுப்பவர் ‘விட்டுவிடலாமே’ என்று சொல்லும் அந்தச் சொல்லைத்தான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். மணிலாவின் அரசு புகையிலையைத் தேர்ந்தது எதனால்? மக்கள் விடமாட்டார்கள் என்பதனால். விடக்கூடியதாக இருந்திருப்பின் அது வருவாய்க்குப் பயன்பட்டிராது. ஆகவே ‘நீ விரும்பினால் விடலாம்’ என்று வாயால் சொல்லி, ‘உன்னால் விட முடியாது’ என்ற நம்பிக்கையின்மேல் கணக்கெழுதும் வணிகன், தன் வாடிக்கையாளனிடம் ஒரு பொய்யைச் சொல்கிறான். தீமையைக் குறைக்க விதிக்கும் வரி வேறு. தீமை குறைந்துவிடக் கூடாதே என்று அஞ்சும் வருவாய் வேறு. முன்னதன் வெற்றி கடை வெறிச்சோடுவதில் இருக்கிறது. பின்னதன் வெற்றி கடையில் கூட்டம் சேர்வதில் இருக்கிறது.

நம் மொழியே இதை நமக்குக் குறிப்பாக உணர்த்துகிறது. ‘வாடிக்கை’ என்றால் வழக்கம், பழக்கம் என்று பொருள். தேவை கருதி வருபவனைக் கொள்வோன் என்றனர் முன்னோர். பழக்கத்தால் வருபவனையே வாடிக்கையாளன் என்கிறோம். மோர் வாங்க நாள்தோறும் ஒரே வீட்டுக்குச் செல்வதும் வாடிக்கைதான். அது நம்பிக்கையில் பிறந்தது. வேறு வீடு தேடினால் ஒரு நாளில் மாறிவிடும். புகையிலைக் கடைக்குச் செல்லும் வாடிக்கையோ கால்களின்மேல் உடல் செலுத்தும் அதிகாரம். லூசோன் மக்களை இரண்டு தளைகள் பிணித்திருந்தன. சட்டம் புறத்தே பூட்டியது ஒன்று. நாவின் பழக்கம் அகத்தே பூட்டியது மற்றொன்று. இரண்டாவது தளை இருப்பதை அறிந்தே முதலாவது தளை செய்யப்பட்டது.

மலைவழி வந்த இலை

வாயால் மறுக்க முடியாதவர்கள் காலால் மறுத்தனர். லூசோனின் மலைத்தொடர்களில் வாழ்ந்த இகோரோத் மக்கள் ஸ்பானியர் ஆட்சிக்குப் பணியாதவர்கள். அவர்கள் பயிரிட்ட புகையிலை மலைவழியே இறங்கிக் கீழ்நாட்டு ஊர்களுக்குக் களவாக வந்தது. மக்கள் அதை விரும்பி வாங்கினர். அரசு இதைப் பொறுக்கவில்லை. 1829 முதல் கியெர்மோ கால்வே என்னும் படைத்தலைவனின் கீழ் மலைநாட்டின்மேல் பல முறை படை சென்றது. கள்ளப் புகையிலையை ஒழிப்பது அப்படையெடுப்புகளின் ஒரு நோக்கம். ஊர்கள் எரிந்தன, பயிர்கள் அழிந்தன. தன் கடையைவிட்டு வேறிடத்தில் வாங்கினான் என்பதற்காக அவ்வேறிடத்தையே கொளுத்தும் வணிகனை உலகம் அன்று கண்டது.

சட்டத்தை மீறியவர் குற்றவாளியே அல்லரா என்று கேட்கலாம். ஓர் அரசின் சட்டம் எல்லார்க்கும் பொதுவான நன்மையைக் காக்கும்போது அதை மீறுபவன் தன் அயலானுக்குத் தீங்கு செய்கிறான். எஸ்தாங்கோவைத் தவிர்த்தவனோ எந்த அயலானுக்கும் தீங்கு செய்யவில்லை. ஒரு கடையின் இலாபத்தையே குறைத்தான். இதைக் கொண்டு களவு வாணிகம் எல்லாம் தூயது எனல் ஆகாது. அது தரகரையும் கையூட்டையும் வளர்த்தது, அதிகாரிகளைக் கெடுத்தது. நேர்மையான வழியை அடைத்துவிட்ட பின், மக்கள் நேர்மையற்ற வழியில் நடந்ததற்குப் பொறுப்பில் பெரும்பங்கு அடைத்தவனையே சாரும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இதன் தொடர்பில் ஹொசே ரிசாலை நினைவுகூர்தல் தகும். பிலிப்பைன்ஸ் மக்களின் தேசியத் தலைவராகிய அவர், ‘பிலிப்பினோக்களின் சோம்பல்’ பற்றி 1890இல் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். அம்மக்கள் பிறவிச் சோம்பேறிகள் என்று ஆள்வோர் சொல்லிவந்ததை மறுத்து, உழைப்பின் பயன் உழைப்பவனுக்குக் கிட்டாத ஆட்சிமுறையே சோம்பலை வளர்க்கிறது என்று அவர் வாதிட்டார். தன் இலையைத் தானே விலைக்கு வாங்கிய ககயான் உழவனை எண்ணிப் பார்ப்போர்க்கு அவ்வாதத்தின் உண்மை விளங்கும்.

நம் அண்டையில் நடந்தது

இது ஸ்பானியர்க்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிட வேண்டா. நம் திருவிதாங்கூர் அரசும் நீண்ட காலம் புகையிலை ஏகபோகம் நடத்தியது. அந்நாட்டு மக்கள் பெரிதும் விரும்பியது யாழ்ப்பாணத்துத் தமிழ் உழவர் விளைவித்த புகையிலை. மெல்லும் புகையிலைக்கு அங்கே யாழ்ப்பாணத்தின் பெயரே வழங்குமளவு அந்த விருப்பம் ஊறியிருந்தது. கடல் கடந்து வந்த அச்சரக்கை அரசே வாங்கி, அரசு குறித்த விலைக்கு விற்றது. விலை ஏற ஏறக் களவும் ஏறியது. கும்பகோணத்தில் 1828இல் பிறந்த சர் டி. மாதவராவ் அங்குத் திவானாக இருந்தபோது, 1863இல் அவ்வேகபோகம் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. அரசு கடையை விட்டு வெளியே வந்து, வரி வாங்கும் தன் பழைய இடத்தில் நின்றது. குடிமகன் கொள்வோனாக மாறி, வணிகரிடையே பொறுக்கி வாங்கும் நிலை பெற்றான். மணிலா இதைச் செய்வதற்கு மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

பூட்டு திறந்த பின்

1881இல் பிறந்த ஆணையின்படி, 1882இல் பிலிப்பைன்ஸின் ஏகபோகம் முடிவுற்றது. அதே 1881இல் பார்சிலோனா நகரில் ‘தபாக்கலேரா’ என்று வழங்கப்பெற்ற பெருநிறுவனம் தோன்றியது. அதன் தலைமையில் நின்றவர் அந்தோனியோ லோபெஸ் என்னும் செல்வர். கூபாவில் அவர் ஈட்டிய செல்வத்தில் அடிமை வாணிகத்தின் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டு அவரைத் தொடர்ந்தது. 2018இல் பார்சிலோனா நகராட்சி அவர் சிலையை அகற்றியது. அரசின் கடை மூடியது. நிறுவனத்தின் கடை திறந்தது.

புறத்தளை அறுந்தது, உழவன் தன் இலையைத் தானே புகைக்கலாம், அது பெரும் விடுதலைதான். ஆனால் அகத்தளை அறுந்ததா? சட்டத்தின் துணையில்லாமலே மக்களைக் கடைக்கு இழுத்துவரும் ஆற்றல் அச்சரக்கிடமே இருந்தது. புதிய வணிகர்க்கு வீடு சோதிக்கும் காவலர் தேவைப்படவில்லை. விளம்பரப் பலகை போதுமானதாயிற்று. பல கடைகள் இருப்பதையே உரிமை என்று எண்ணுவோர் இவ்விடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்று தேர்வது ஓர் உரிமை. வாங்காமலே வீடு திரும்புவது அதனினும் பெரிய உரிமை. பழக்கத்தை விற்கும் வணிகம் முன்னதைத் தாராளமாக வழங்கி, பின்னதைச் சந்தடியின்றிப் பறித்துவிடுகிறது.

இன்று நம் நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் புகையிலை விளம்பரத்துக்குத் தடை உண்டு. உறைமேல் எச்சரிக்கை உண்டு. இவை கொள்வோனுக்கு ‘வேண்டா’ என்னும் சொல்லைத் திருப்பித் தரும் முயற்சிகளே. ஆயினும் மாநிலங்கள் பலவற்றில் மதுவை அரசின் நிறுவனங்களே விற்கின்றன. அவ்வருவாயால் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கலாம். மணிலாவிலும் அப்படித்தான் சொன்னார்கள்: ஆட்சி நடக்க வேண்டுமே என்று. குடிப்பவன் நாளையே குடியை விட்டால் மகிழ வேண்டியது அரசு. கலங்க வேண்டியது கடைக்காரன். இருவரும் ஒருவரே ஆகிவிட்டால் அம்முகம் மகிழுமா, கலங்குமா?

இக்கேள்வி அரசுகளோடு முடிவதன்று. ஊர் விட்டு ஊர் வந்து, மொழி வேறான நகரங்களில் கடை வைத்தும் தொழில் செய்தும் வாழ்வோர் நம்முள் பலர். நாம் புகையிலை விற்காதிருக்கலாம். ஆனால் வாங்குவோனைப் பிணிக்கும் கயிறுகள் பல. மாதக் கடனுக்குப் பொருள் கொடுத்து, கணக்கு ஒருநாளும் தீராதபடி பார்த்துக்கொள்வது ஒரு கயிறு. மொழி தெரியாமல் புதிதாக வந்த நம்மவன் வேறிடம் போகமாட்டான் என்றறிந்து விலை கூட்டுவது மற்றொன்று. எடையில் ஒரு குன்றிமணியும் குறைக்காமலே இவற்றைச் செய்ய முடியும். அதனால்தான் துலாக்கோல் மட்டும் போதாது என்கிறோம்.

பற்று முழுவதையும் கட்டிவிட்டு, “இனி அடுத்த தெருவிலேயே வாங்கிக்கொள்கிறேன் ஐயா, வீட்டுக்குப் பக்கம்” என்று ஒருவன் சொல்ல வரும்போது, கணக்கை அடித்துக் கொடுத்து, “போய் வாருங்கள்” என்று முகம் கோணாமல் விடைகொடுக்கும் கடைக்காரனை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். அவனுக்கு அன்று ஒரு வாடிக்கை குறைகிறது. ஆனால் அதுவரை அவன் கடைக்கு வந்தவன் தன் விருப்பத்தால் வந்த மனிதன் என்பதற்கு அந்த விடைகொடுத்தலே சான்று. ஒரு நூற்றாண்டு முழுவதும் கடை நடத்திய மணிலா அரசுக்கு அச்சான்று ஒருநாளும் கிட்டவில்லை.